உலைக்கு முன் நிற்பவரின் கண்ணுக்கு எந்தக் கண்ணாடி?

வீட்டின் பின்கட்டில் சிறிய கேஸ் உலை ஒன்றை அமைத்து, லாரி ஸ்பிரிங் பட்டையில் கத்தியும் அரிவாளும் அடிக்கப் பழகிவரும் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். வெல்டிங் கடையில் தொங்கும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் போதுமா என்பது முதல் கேள்வி. வெளிநாட்டுக் கொல்லர்கள் சிலர் புகழ்ந்து பேசும், டிடிமியம் என்ற தனிமக் கலவை சேர்த்த கண்ணாடியை அதிக விலை கொடுத்து வாங்கலாமா என்பது இரண்டாவது. ஏற்கெனவே பவர் கண்ணாடி அணிபவர் பாதுகாப்புக் கண்ணாடியை எப்படிப் போட்டுக்கொள்வது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் சொல்லிவிட முடியும். ஆனால், காரணம் தெரியாமல் வாங்கப்பட்ட கண்ணாடி நான்காம் நாளே பட்டறைச் சுவரின் ஆணிக்குப் போய்விடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கொல்லுப்பட்டறையில் கண்ணுக்கு நேரும் கேடு இரண்டு வழிகளில் வருகிறது. பறந்து வருவது ஒன்று. கதிராக வருவது இன்னொன்று. பறந்து வருவது ஒரு நொடியில் பார்வையைப் பறித்துவிடும். கதிராக வருவதோ இருபது, முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டு விழிலென்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கச் செய்யும். கண்ணாடி வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் கதிரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். உலையின் வெளிச்சம் கண்ணைக் கூச வைப்பதால் அது ஆபத்து என்று உடம்பே சொல்லிவிடுகிறது. காய்ந்த இரும்பிலிருந்து செதில் உதிர்ந்து பறப்பது பழகிப்போன காட்சி என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. என் கருத்தில் வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். நிறமே இல்லாத, மோதலைத் தாங்கக்கூடிய தெளிந்த கண்ணாடியைத்தான் முதலில் வாங்க வேண்டும். உலைக்குள் பார்ப்பதற்கான பச்சைக் கண்ணாடி அதற்கு அடுத்தது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், மழுங்கிய கடப்பாரை ஒன்றின் முனையைக் காய்ச்சி அடித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி அணிந்துதான் இருந்தேன். ஆனால் அது பக்கங்கள் திறந்த, கன்னத்தோடு சேராத சாதாரணக் கண்ணாடி. பட்டடையில் வைத்து அடித்த மூன்றாவது அடியில் தெறித்த செதில் ஒன்று கன்ன எலும்பில் பட்டு மேலே எழும்பி, கண்ணாடியின் கீழ் விளிம்புக்கும் கன்னத்துக்கும் இடையிலிருந்த இடைவெளி வழியே உள்ளே போயிற்று. வெளியிலிருந்து நேராக வந்திருந்தால் கண்ணாடி தடுத்திருக்கும். உள்ளே நுழைந்தபின் அதே கண்ணாடி அதை வெளியே போகவிடாமல் கண்ணின் பக்கமே திருப்பிவிட்டது. கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியாவில் ஒட்டிய அந்தத் துணுக்கை மருத்துவர் எடுத்துக் காட்டியபோது அது கடுகின் கால்வாசி கூட இல்லை. கண்ணாடி அணிவது மட்டும் போதாது, அதன் வடிவமும் பொருந்த வேண்டும் என்பது அன்று எனக்கு விளங்கியது.

பறந்து வருபவை எவை என்பதைத் தெரிந்துகொண்டால், எத்தகைய கண்ணாடி வேண்டும் என்பது தானே புலப்படும். காய்ந்த இரும்பின் மேல் காற்றுப்பட்டுப் படியும் ஆக்சைடுச் செதில் ஒவ்வோர் அடிக்கும் உதிர்ந்து தெறிக்கிறது; இது இலேசானது, ஆனால் சூடானது. இரண்டு இரும்புகளை உலையிலேயே ஒட்டுவதற்கு வெண்காரம் (போராக்ஸ்) தூவுகிறவர்கள், முதல் அடி விழும்போது உருகிய வெண்காரம் நாலா பக்கமும் இடுப்பு உயரத்தில் பீச்சி அடிப்பதைக் கண்டிருப்பார்கள்; குனிந்து நின்று அடிப்பவரின் முகம் அதற்கு நேராகவே இருக்கும். கரி உலையாக இருந்தால், ஊதும் காற்று கூடியதும் கரிப்பொறிகள் கொத்தாக எழும். ஆனால் இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது குளிர்ந்த எஃகிலிருந்து உடைந்து வரும் சில்லுக்குத்தான். உளியின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் குடைபோல விரிந்திருக்கும். அந்த விளிம்பு ஒரு நாள் உடைந்து தெறிக்கும். சுத்தியல் முகத்தோடு சுத்தியல் முகம் மோதினாலும், கெட்டியான பட்டடை விளிம்பில் சுத்தியல் தவறி விழுந்தாலும் இதே கதைதான். இந்தச் சில்லு பொறிபோல ஒளிராது. வருவது கண்ணுக்குத் தெரியாது. கூர்மையும் வேகமும் கொண்ட அது கார்னியாவைத் துளைத்துக்கொண்டு விழிக்குள்ளேயே போய்த் தங்கிவிடக்கூடும். உளித்தலையின் விரிந்த விளிம்பை அவ்வப்போது சாணைபிடித்து எடுத்துவிடுவது எந்தக் கண்ணாடிக்கும் முந்திய பாதுகாப்பு.

அடித்து முடித்த பிறகும் வேலை ஓய்வதில்லை. ஆங்கிள் கிரைண்டரில் சாணை பிடிப்பதும், கட்டிங் வீலால் அறுப்பதும், கம்பி பிரஷ் வீலால் செதில் எடுப்பதும் உலை வேலையைவிடக் கண்ணுக்கு அதிக ஆபத்தானவை என்றே சொல்வேன். கம்பி பிரஷிலிருந்து கழன்று வரும் ஒற்றைக் கம்பி ஊசியைப் போல நேராகப் பாயும். கட்டிங் வீல் உடைந்தால் முழுத் துண்டாகவே வந்து மோதும். எனவே உலைக்கு ஒரு கண்ணாடி, கிரைண்டருக்கு வெறுங்கண் என்று இருக்கக் கூடாது.

இந்த வேலைகளுக்கு லென்ஸ் பாலிகார்பனேட்டால் ஆனதாக இருக்க வேண்டும். மோதல் விழும்போது நொறுங்காமல் வளைந்து தாங்கும் இயல்பு அதற்கு உண்டு. ஆனால் கடையில் பாலிகார்பனேட் என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் சோதிக்கப்பட்டது அல்ல. ஆகவே சட்டத்திலும் லென்ஸிலும் பொறித்திருக்கும் குறியைப் பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்க அன்சி தரத்தின்படி ஆங்கில ‘இசட்’ எழுத்தும் 87 என்ற எண்ணும் இருக்கும். அதன் பக்கத்தில் கூட்டல் குறியும் இருந்தால்தான் அது அதிவேக மோதலுக்குச் சோதிக்கப்பட்டது என்று பொருள். 6.35 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை வினாடிக்குச் சுமார் 46 மீட்டர் வேகத்தில் எய்தும், 500 கிராம் எடையுள்ள கூர்முனை உலோகத் துண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டும் பார்ப்பது அந்தச் சோதனை. ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்த ஈஎன் 166 தரத்தில் ‘எஃப்’ என்ற எழுத்து 6 மில்லிமீட்டர் குண்டை வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் தாங்குவதையும், ‘பி’ என்ற எழுத்து 120 மீட்டர் வேகத்தில் தாங்குவதையும் குறிக்கும். காதில் மாட்டும் கண்ணாடிகள் ‘எஃப்’ அளவிலேயே நின்றுவிடும். ‘பி’ வேண்டுமென்றால் முகத்தோடு ஒட்டி நிற்கும் காகிள்ஸ் அல்லது முகக்கவசத்துக்குத்தான் போக வேண்டும். காகிள்ஸிலும் முகக்கவசத்திலும் 9 என்ற எண் இருந்தால் உருகிய உலோகத்துக்கும் சூடான துணுக்குக்கும் எதிராகவும் அது சோதிக்கப்பட்டிருக்கிறது. வெண்காரம் போட்டு ஒட்டு வேலை செய்கிறவர்கள் இந்த எண்ணைத் தேடி வாங்குவது நல்லது. நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 5983 ஆகும்.

அடுத்தது வடிவம். கண்ணாடியை அணிந்துகொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, பக்கவாட்டிலும் புருவத்தின் மேலும் கன்னத்தின் அருகிலும் சுண்டுவிரல் நுனியை நுழைத்துப் பாருங்கள். விரல்நுனி எளிதாகப் போகிற இடம் எதுவோ, செதில் போகிற இடமும் அதுவே. பிறகு, பட்டடை முன் நிற்பதுபோலக் குனிந்து, பட்டடையைப் பார்த்தபடி இதையே மறுபடியும் செய்யுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது பொருந்திய கண்ணாடி குனிந்ததும் மூக்கில் வழுக்கிக் கீழே இறங்கும், அப்போது புருவத்தின் மேல் இடைவெளி திறக்கும். முகத்தைச் சுற்றி வளைந்து, ஓரங்களில் மெல்லிய நுரைப்பட்டை வைத்த வகை நம் முகங்களுக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது. பின்தலையைச் சுற்றிக் கட்டும் பட்டை இருந்தால் பருத்தியில் இருக்கட்டும். நைலான் பொறி பட்டு உருகும்.

முகக்கவசம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிரைண்டர் வேலைக்கும் வெண்கார ஒட்டுக்கும் அது தேவை. ஆனால் கண்ணாடிக்கு மாற்றாக அதைக் கொள்ளக் கூடாது. கவசத்தைத் தூக்கிவிட்டுப் பொருளை உற்றுப் பார்க்கும் அந்தக் கணத்தில்தான் தலையில் தங்கியிருந்த துகள் கண்ணில் விழுகிறது. ஆகவே உள்ளே கண்ணாடி, வெளியே கவசம் என்பதே முறை. வார்ப்படச் சாலைகளில் காணப்படும் கம்பிவலைக் கவசம் முகத்தில் படும் சூட்டை ஓரளவு குறைக்குமே தவிர, சிறு துகளையும் கதிரையும் வலைக்கண் வழியே விட்டுவிடும்.

இனிக் கதிருக்கு வருவோம். காய்ந்த இரும்பும் உலைச்சுவரும் வெளிவிடும் கதிரில் கண்ணுக்குத் தெரியும் ஒளி மிக மிகச் சிறு பகுதி. 1,200 டிகிரி செல்சியஸில் இருக்கும் உலைவாய் வெளிவிடும் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குகூட ஒளியாக வருவதில்லை; கிட்டத்தட்ட முழுவதும் அகச்சிவப்புக் கதிர்தான். அந்த வெப்பநிலையில் கதிர்வீச்சின் உச்சம் 2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அமைகிறது. புற ஊதாக் கதிரோ கணக்கில் எடுக்க வேண்டிய அளவுக்கு இல்லை. உலைக்காகக் கண்ணாடி தேடுகிறவர்களிடம் ‘புற ஊதாக் கதிரை நூறு சதவீதம் தடுக்கும்’ என்ற விளம்பரத்தைக் காட்டி விற்கிறார்கள். அது உண்மையாகவே இருந்தாலும் உலைக்குப் பயன்படாத உண்மை. தெளிந்த பாலிகார்பனேட் தானாகவே புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அடுத்துள்ள அகச்சிவப்பைப் பெரும்பாலும் அப்படியே உள்ளே விட்டுவிடும்.

அந்தக் கதிர் கார்னியாவைக் கடந்து, கண்மணித் துளையைச் சுற்றியுள்ள நிறப்படலமான ஐரிஸில் பட்டு வெப்பமாக மாறுகிறது. ஐரிஸை ஒட்டியிருக்கும் விழிலென்ஸும் அதனால் சூடாகிறது. லென்ஸ் நேரடியாகவும் கொஞ்சம் உறிஞ்சுகிறது. லென்ஸுக்குள் இரத்தக்குழாய் இல்லாததால் சூட்டை விரைந்து வெளியேற்ற அதற்கு வழியில்லை. இது நாள்தோறும் தொடர்ந்தால் லென்ஸின் பின்புறம் புரை படர்கிறது. கண்ணாடி உருக்கும் தொழிலாளர்களிடம் இந்தப் புரை அதிகமாகக் காணப்பட்டதால் ‘கண்ணாடி ஊதுவோர் புரை’ என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. தொழில்நோய்களைப் பற்றி 1700-இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி, கொல்லர்களின் கண்கள் நெருப்பால் கெடுவதையும் அதில் குறித்தார். வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ், கண்ணாடித் தொழிலாளர்களுக்காக 300-க்கும் மேற்பட்ட கண்ணாடிக் கலவைகளைச் செய்து பார்த்து 1914-இல் முடிவுகளை வெளியிட்டார். வெளிச்சத்தை அதிகம் குறைக்காமல் வெப்பக் கதிரை மட்டும் வடிகட்டுவது எப்படி என்பதே அவருடைய தேடலாக இருந்தது. இன்று நாம் கேட்டுக்கொண்டிருப்பதும் அதே கேள்விதான்.

அச்சத்தை அளவோடு வைத்துக்கொள்ள ஒரு கணக்கு உதவும். 10 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட உலைவாய் 1,200 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். அதற்கு நேர் எதிரே ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் முகத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 850 வாட் வீழும்; நடுப்பகல் வெயில் ஏறத்தாழ 1,000 வாட். இந்த 850-இல் பாதிக்குச் சற்று அதிகமானது, அதாவது ஏறத்தாழ 470 வாட், லென்ஸைப் பாதிக்கக்கூடிய அலைநீளங்களில் இருக்கும். அயனியாக்காத கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்பதற்கான சர்வதேச ஆணையம், இடைவிடாமல் 1,000 வினாடிகளுக்கு மேல் பார்ப்பவருக்கு 100 வாட் என்ற வரம்பை வைத்திருக்கிறது. குறைந்த நேரத்துக்கு வரம்பு தளர்கிறது. அந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், ஒரு மீட்டர் தொலைவில் சுமார் இரண்டு நிமிடமும், அரை மீட்டரில் சுமார் இருபது வினாடியும் தொடர்ந்து பார்க்கலாம் என்று வருகிறது. இரும்பு எந்த நிறத்தில் இருக்கிறது என்று இரண்டு மூன்று வினாடி எட்டிப் பார்ப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. ஒட்டு வேலைக்காக வெண்காரம் கொதிப்பதையே பார்த்துக்கொண்டு உலைவாயில் குனிந்து நிற்பவரும், நாள் முழுதும் அதே இடத்தில் நிற்கும் தொழில்முறைக் கொல்லரும்தான் வரம்பைத் தாண்டுகிறார்கள்.

இந்தக் கணக்கிலிருந்து கண்ணாடியை விட முக்கியமான ஒன்று தெரியவருகிறது. உலைவாயின் முக்கால் பகுதியைத் தீக்கல் (சூடு தாங்கும் செங்கல்) வைத்து மறைத்தால் கதிரும் முக்கால் பங்கு குறைகிறது. ஒரு மீட்டரில் நிற்பவர் ஏறத்தாழ வரம்புக்கே இறங்கிவிடுகிறார். இரு மடங்கு தள்ளி நின்றால் நான்கில் ஒன்றாகிறது. நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நின்றால் இன்னும் குறைகிறது. கேஸ் உலை வைத்திருப்பவர் இரண்டு தீக்கற்களை உலைவாயில் கதவுபோல வைத்துக்கொண்டால் கேஸும் மிச்சம், கண்ணும் மிச்சம்.

இப்போது கறுப்புக் கண்ணாடிக் கேள்வி. வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடியையும், தரக்குறி ஏதுமின்றி வெறும் சாயம் ஏற்றிய பிளாஸ்டிக் கண்ணாடியையும் உலைக்கு முன் அணியவே கூடாது. சாயம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் குறைத்து அகச்சிவப்பை விட்டுவிடக்கூடும். கூச்சம் குறைந்ததும் கண்மணித் துளை விரிகிறது. விரிந்த துளை வழியே அகச்சிவப்பு முன்னைவிட அதிகமாகவே உள்ளே போகிறது. கூச்சம்தான் நம்மை உலையிலிருந்து முகம் திருப்பச் செய்துகொண்டிருந்தது. அந்த எச்சரிக்கையும் போய்விடுகிறது. வெறுங்கண்ணோடு மூன்று வினாடி பார்த்தவர் கறுப்புக் கண்ணாடியோடு முப்பது வினாடி பார்க்கிறார். கருமை வேறு, பாதுகாப்பு வேறு என்பதை மட்டும் எப்படியாவது மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங் கடையில் கிடைப்பவற்றில் உண்மையான தரக்குறியுள்ள பச்சைக் கண்ணாடியும் உண்டு. அது வேறு வகை. அதன் இரும்புச் சேர்க்கை அகச்சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். அதன் கருமையை ஷேடு எண்ணால் குறிக்கிறார்கள். ஷேடு 2 ஒளியில் ஏறத்தாழ 37 சதவீதத்தையும், ஷேடு 3 ஏறத்தாழ 14 சதவீதத்தையும், ஷேடு 5 வெறும் 2 சதவீதத்தையும் உள்ளே விடும். கேஸ் வெல்டிங்குக்கு 4 முதல் 8 வரையும், ஆர்க் வெல்டிங்குக்கு 10 முதல் 14 வரையும் தேவைப்படும். உலைக்கு 2 அல்லது 3 போதும். 5 எண்ணைப் போட்டுக்கொண்டு பட்டறையில் நடமாட முடியாது.

டிடிமியம் கண்ணாடி பற்றிய நம்பிக்கை எப்படிப் பரவியது என்பது எனக்குப் புரிகிறது. ஏனென்றால் அதன் வழியே நானும் பார்த்திருக்கிறேன். உலைக்குள் வெண்காரம் உருகும்போது அதிலுள்ள சோடியம் எரிந்து மஞ்சள் திரை ஒன்று இரும்புக்கும் நமக்கும் நடுவே விழும். இரும்பின் ஓரம் எது, சுவர் எது என்று தெரியாது. டிடிமியம் கண்ணாடியை அணிந்ததும் அந்த மஞ்சள் திரை விலகி, உள்ளே கிடக்கும் இரும்பின் விளிம்பும், இரண்டு பட்டைகளுக்கும் நடுவே இருக்கும் பிளவும் கூடத் தெளிவாகத் தெரிகின்றன. கண்ணுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் கன்னத்தில் படும் சூடு கொஞ்சமும் மாறவில்லை என்பதை அப்போதே கவனித்தேன். பிரசியோடைமியம், நியோடைமியம் என்ற இரு தனிமங்களின் கலவையான டிடிமியம், 589 நானோமீட்டரில் இருக்கும் சோடியத்தின் மஞ்சளை வெட்டுவதில் வல்லது. சிறு சுடரில் கண்ணாடி ஊதுவோர் அந்த மஞ்சளைக் கடந்து பார்ப்பதற்காகவே அதை அணிகிறார்கள். அகச்சிவப்பைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு அற்பமே. கூச்சம் நீங்கியவர் அதிக நேரம் பார்ப்பார் என்பதால், தனி டிடிமியம் உலைக்கு நல்லதைவிடக் கெடுதலையே செய்யும். டிடிமியத்தோடு ஷேடு 3 பச்சையையும் சேர்த்து ஒட்டிய கண்ணாடிகளும் விற்கின்றன. மஞ்சள் திரையைத் தாண்டிப் பார்க்கும் தேவை உங்களுக்கு அடிக்கடி இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்தை நல்ல முகக்கவசத்துக்குச் செலவிடுவது மேல்.

அகச்சிவப்புக்கென்றே ஐரோப்பாவில் ஈஎன் 171 என்று தனித் தரம் இருந்துவந்தது. அந்தக் கண்ணாடியில் 4 என்ற எண், ஒரு சிறு கோடு, அதன்பின் அளவெண் என்று பொறித்திருக்கும். 4–3 என்றால் ஏறத்தாழ 1,200 டிகிரியில் இருக்கும் மூலத்தைப் பார்ப்பதற்கும், 4–5 என்றால் ஏறத்தாழ 1,400 டிகிரிக்கும் ஏற்றது. நம் உலை வேலை பெரும்பாலும் முன்னதற்குள் அடங்கிவிடும். அமெரிக்கக் கண்ணாடிகளில் வெல்டிங் ஷேடுக்கு ‘டபிள்யூ’ எழுத்தும், அகச்சிவப்புக்கு ‘ஆர்’ எழுத்தும் எண்ணோடு இருக்கும். ‘எல்’ என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைப்பதையே குறிக்கும். அதை நம்பி உலையைப் பார்க்கக் கூடாது. பொன்பூச்சுள்ள முகக்கவசங்களும் உண்டு. அவை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதில் மிகச் சிறந்தவை, ஆனால் பூச்சு கீறல் விழுந்தால் போயிற்று.

இங்கேதான் கொல்லருக்கு ஒரு சிக்கல் வருகிறது. கண்ணாடிக் கடைக்காரருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் இது தெரிவதில்லை. கொல்லர் இரும்பின் நிறத்தைப் பார்த்தே அதன் சூட்டை அறிகிறார். மங்கிய சிவப்பு, பழச்சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெளிர்மஞ்சள் என்று இரும்பு பழுத்துவரும் ஒவ்வொரு படியும் அவருக்கு ஒரு கட்டளை: இப்போது அடி, இப்போது நிறுத்து, இன்னும் ஒரு கணம் விட்டால் எரிந்துவிடும். பச்சைக் கண்ணாடி இந்த வரிசையையே இடம் மாற்றிவிடுகிறது. ஆரஞ்சு மங்கிய சிவப்பாகத் தோன்றுகிறது. மஞ்சள் ஆரஞ்சாகத் தோன்றுகிறது. இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து விட்டுவைப்பவர், எஃகு நுனியில் மத்தாப்பைப் போலப் பொறி பறப்பதைக் கண்ட பிறகே எடுக்கிறார். அதற்குள் நுனி எரிந்து வீணாகியிருக்கும். இதனால்தான் அனுபவமுள்ள கொல்லர்கள் கண்ணாடியைக் கழற்றி எறிகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கு முன் அவர்கள் சொல்லும் காரணத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதற்குத் தீர்வு இரண்டு கண்ணாடிகளையும் பிரித்துப் பயன்படுத்துவது. பட்டடையில் அடிக்கும்போது தெளிந்த கண்ணாடி. நிறம் மாறாது, பட்டறை இருட்டிலும் சுத்தியல் எங்கே விழுகிறது என்று தெரியும். உலைக்குள் உற்றுப் பார்க்கும்போது மட்டும் பச்சை. அதற்குத் தெளிந்த கண்ணாடியின் முன் கீலில் தூக்கி இறக்கும்படி பச்சை லென்ஸ் பொருத்திய வகை மிக வசதியானது. அது கிடைக்காவிட்டால் தெளிந்த கண்ணாடியின் மேல் இறக்கிக்கொள்ளும் பச்சை முகக்கவசம். குறடு ஒரு கையிலும் சுத்தியல் மறு கையிலும் இருக்கும்போது கண்ணாடியை மாற்ற முடியாது. ஆனால் தலையைச் சற்று அசைத்தாலோ, மணிக்கட்டின் புறத்தால் தட்டினாலோ மேலே போய்விடும் லென்ஸை யாரும் பயன்படுத்துவார்கள். எப்போதும் ஒரே எண்ணுள்ள பச்சையைப் பயன்படுத்தி வந்தால், இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கண்ணாடிக்குரிய நிற வரிசையும் பழகிவிடும். இன்று 2, நாளை 3 என்று மாற்றினால்தான் ஏமாறுவோம். தோய்ச்சலுக்கு, அதாவது சூடான எஃகை நீர்மத்தில் அமிழ்த்திக் கெட்டியாக்குவதற்கு, சூடேற்றும்போது நிறத்தை நம்பவே வேண்டாம். இரும்பு ஏறத்தாழ 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். கம்பியில் கட்டிய காந்தத்தைக் காட்டிப் பார்த்து, ஒட்டாத நிலைக்குச் சற்று மேலே கொண்டுபோய்த் தோய்த்தால் லாரிப் பட்டைக்கு அது சரியாக வரும், எந்தக் கண்ணாடி போட்டிருந்தாலும்.

மூன்றாவது கேள்வியான பவர் கண்ணாடிக்கு வருகிறேன். தினமும் அணியும் பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி அல்ல. அதன் லென்ஸ் மோதலுக்குச் சோதிக்கப்பட்டதல்ல, பக்கங்களும் திறந்திருக்கின்றன, மெல்லிய சட்டத்திலிருந்து லென்ஸ் பின்பக்கமாகக் கழன்று கண்ணிலேயே மோதக்கூடும். பழகும் கட்டத்தில், பவர் கண்ணாடியின் மேலேயே அணியக்கூடிய பெரிய காகிள்ஸ் போதும். உள்ளே ஆவி படியாமல் மறைமுகக் காற்றுத்துளை உள்ளதாகப் பாருங்கள். வாரத்தில் நான்கு நாள் பட்டறையில் நிற்பவராகிவிட்டால், உங்கள் பவரிலேயே பாலிகார்பனேட் லென்ஸும் பக்கமறைப்பும் கொண்டு, லென்ஸ், சட்டம் இரண்டிலும் தரக்குறியுள்ள கண்ணாடியைச் செய்வித்துக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படிக்கும் பவர் கீழே வைத்த லென்ஸ் வழியே குனிந்து பட்டடையைப் பார்த்தால் அடி தவறும். பட்டடை உங்கள் கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து சொல்லி, அந்தத் தூரத்துக்கு ஒற்றைப் பவராகக் கேளுங்கள். காண்டாக்ட் லென்ஸ் சூட்டில் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. ஆனாலும் கரித்தூளும் சாம்பலும் அதன் அடியில் புகுந்து உறுத்தும் என்பதால் பட்டறைக்கு அது வேண்டாம்.

நம் ஊர்ப் பட்டறைகளில் ஒருவர் குறடைப் பிடித்துத் திருப்ப, எதிரே நின்று சம்மட்டி போடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களாக இருப்பார்கள். செதில் இருவர் பக்கமும்தான் தெறிக்கிறது. இன்னும் சொன்னால் சம்மட்டி விழும்போது தெறிப்பது கூடுதல். கண்ணாடியோ ஆசாரிக்கு மட்டும். வேடிக்கை பார்க்க வாசலில் உட்காரும் பிள்ளைகளின் முகம் சரியாகப் பட்டடை உயரத்தில் இருக்கிறது. தெளிந்த கண்ணாடி சில நூறு ரூபாய்க்குள் கிடைப்பதால் நான்கைந்து வாங்கி வாசலிலேயே மாட்டி வைப்பது பெரிய செலவில்லை.

ஆர்க் வெல்டிங் செய்வதற்கும், அமிலத்தில் போட்டுச் செதில் எடுப்பதற்கும் இங்கே சொன்ன எதுவும் பொருந்தாது. பட்டைகளை அடுக்கி ஆர்க்கில் ஒரு புள்ளி வைக்க ஷேடு 3 போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே புற ஊதாக் கதிர் உண்டு, அதற்குரிய முகமூடியே வேண்டும். அமிலத்துக்கு, நேர்த்துளை இல்லாத, நீர்மம் உள்ளே சிந்தாத காகிள்ஸ் வேண்டும்.

வெயில் காலத்தில் வியர்வையால் லென்ஸில் ஆவி படிவதுதான் கண்ணாடியைக் கழற்றவைக்கும் முதல் காரணம். ஆவி படியாத பூச்சுள்ளதை வாங்குங்கள். புருவத்துக்கு மேல் பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். உலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து மின்விசிறிக் காற்று முகத்தில் படட்டும். லென்ஸைத் துண்டால் துடைக்காதீர்கள். அதன் மேல் இருப்பது இரும்புத்தூள். துடைத்தால் அரம் போட்டது போலக் கீறும். தண்ணீரில் அலசிய பிறகே மென்துணியால் ஒற்றுங்கள். சூடான செதில் பட்டுக் குழிகள் விழுந்த லென்ஸை மாற்றிவிட வேண்டும்.

பட்டறையில் கூலிக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு இது விருப்பத்தைச் சார்ந்த விஷயமும் அல்ல. துகள் தெறிக்கும் வேலையிலும் மிகையான ஒளி வீசும் வேலையிலும் தடுப்பு அல்லது தகுந்த கண்ணாடி தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 35ஆம் பிரிவில் வகுத்தது. அகச்சிவப்புக் கதிரால் வரும் கண்புரையை, தொழிலாளர் இழப்பீட்டுக்கான 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாகவே சேர்த்திருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் கண்ணில் ஏதாவது விழுந்துவிட்டால், கசக்காமல் சுத்தமான தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். துணி நுனியாலும் தீக்குச்சியாலும் எடுத்துத் தருகிறேன் என்று பக்கத்தில் நிற்பவர் அன்போடு முன்வருவார், அனுமதிக்காதீர்கள். கார்னியாவில் பதிந்த இரும்பைச் சுற்றி சில மணி நேரத்திலேயே துரு வளையம் உண்டாகத் தொடங்கும். ‘நாளைக்குப் போகலாம்’ என்பது அந்தத் துருவையும் சுரண்டி எடுக்கும் வேலையைச் சேர்த்துவிடும். உளியையோ சுத்தியலையோ அடிக்கும்போது சுருக்கென்று ஏதோ பட்டது, வலி உடனே அடங்கிவிட்டது, பார்வை மட்டும் சற்று மங்கல் என்றால் அதுதான் மிக ஆபத்தான அறிகுறி. துணுக்கு விழிக்குள் போயிருக்கலாம். கண்ணை அழுத்தாமல், கழுவாமல், ஒரு காகிதக் கோப்பையால் மூடிக்கொண்டு அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே தங்கிய இரும்பு மெல்லக் கரைந்து விழித்திரையையே அழிக்கும். மருத்துவரிடம் எஃகு வேலை செய்ததைச் சொல்லுங்கள். எக்ஸ்ரே அல்லது சி.டி. எடுத்து இரும்பு இல்லை என்று உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது, ஏனெனில் அதன் காந்தம் விழிக்குள் இருக்கும் துணுக்கை இழுத்து நகர்த்திவிடும். பல ஆண்டுகள் கழித்து முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ.க்குப் போகும்போதும், பட்டறையில் வேலை செய்தவன் என்று அங்கிருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.